நியூட்ரானுக்குக் கொடுத்த தலை

என் தம்பி செல்வினுக்கு நோய் முதலில் ஒரு நாற்றமாகத்தான் வந்தது.

தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுபவன் அவன். மாடிக் கட்டடங்களைவிட உயரத்தில், காலடியில் கண்ணாடி பதித்த சின்ன கேபின். அதில் ஒற்றை ஆள்தான் உட்கார முடியும். அங்கே இருக்கும்போது திடீரென்று சிப்பி அழுகும் நாற்றம் வருகிறது, அரை நிமிடத்தில் போய்விடுகிறது என்று ஒருநாள் போனில் சொன்னான்.

கடற்கரை ஊரில் நாற்றத்துக்கா பஞ்சம்? “கேபினக் கழுவி எத்தன நாளாச்சுலே?” என்று கேலி செய்தேன்.

அவன் சிரிக்கவில்லை. “கீழ எறங்கி நின்னாலும் வருதுக்கா. பக்கத்துல நிக்கவனுக்கு வரல. எனக்கு மட்டும் வருது.”

சிப்பி நாற்றம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிடுவதை அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. “தெரியுது. எப்பமோ மோந்த மாரி இருக்கு,” என்றான்.

அடுத்த மாதம் ஒரு காலைப் பொழுதில், அவன் தூக்கிய கண்டெய்னர் ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றது. கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டவர்களுக்குப் பதில் இல்லை. பிறகு ஒன்றும் நடக்காதது போலப் பத்திரமாக இறக்கி வைத்தான். கேட்டதற்கு, “நான் அத ஏற்கெனவே எறக்கியாச்சுன்னு நெனச்சேன்,” என்றிருக்கிறான். அன்றே அவனைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இல்லாத நாற்றம் வருவதும், நடக்காதது நடந்து முடிந்ததாகத் தோன்றுவதும் ஒருவகை வலிப்பு (மூளையின் மின்னோட்டம் சிறிது நேரம் தாறுமாறாவது) என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் புற்றுநோய்க்கான கருவி செய்வதுதான் என் பிழைப்பு.

நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இயற்பியலாளர். ஒரு மருத்துவமனைக்குள் அடங்குகிற அளவில் சிறிய நியூட்ரான் மூலத்தை வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். நியூட்ரான் (மின்னூட்டமில்லாத அணுத்துகள்) கொண்டு செய்யும் இந்தச் சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரான் என்ற தனிமம் சேர்ந்த மருந்தை நோயாளிக்கு ஏற்றுவார்கள். புற்றுச் செல்கள் அதை மற்றச் செல்களைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வேகம் தணித்த நியூட்ரான்களை அந்த இடத்தில் பாய்ச்சினால், போரான் அணு நியூட்ரானை விழுங்கி உடைந்து, தான் இருக்கும் செல்லை மட்டும் கொன்றுவிடும். பக்கத்துச் செல் பெரும்பாலும் தப்பும். கேட்பதற்கு அழகாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முன்பு இதற்கு அணு உலை வேண்டும். இப்போது ஒரு முடுக்கியிலிருந்து (துகள்களுக்கு வேகமேற்றும் கருவி) புரோட்டான்களை லித்தியத் தகட்டின்மேல் மோதவிட்டு நியூட்ரான் எடுக்கலாம். லித்தியம் எளிதில் உருகும் உலோகம். மோதும் சூட்டில் தகடு கொப்பளித்துப்போகும். எங்கள் குழுவில் பாதிப்பேர் அந்தத் தகட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வேலை வேறு. வெளியே வரும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் கட்டையை வடிவமைப்பதும், அவை ஒரு மனிதத் தலைக்குள் போனால் எந்த இடத்தில் எவ்வளவு கதிர்வீச்சு இறங்கும் என்று கணினியில் கணக்கிடுவதும்.

அதற்கு ஒரு தலை வேண்டும். எல்லாரும் பயன்படுத்தும் பொது மாதிரித் தலை வெள்ளைக்காரர் ஒருவருடையது. நம் ஆட்களின் மண்டையோட்டு அளவுக்கு ஒன்று இருந்தால் நல்லது என்று தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் செல்வின் மாப்பிள்ளையூரணி பக்கம் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடி என்று சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தான். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் படங்கள் பதிந்த குறுந்தட்டைக் கேட்டேன். “என் மண்டைய வச்சு என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. உள்ள ஒண்ணும் இல்லன்னு நீதான சின்னதுலருந்து சொல்லுத,” என்றான்.

பெயர், ஊர் எல்லாம் நீக்கி அதை மாதிரியாக்கினேன். ஆய்வுக்கூடத்தில் அதற்கு ‘தம்பி’ என்றே பெயர் விழுந்தது. “தம்பிக்கு இன்னிக்கு எத்தனை கோடி நியூட்ரான்?” என்று காலையில் கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். ஆறு ஆண்டுகள் இப்படிப் போயின.

அவனுடைய புதிய ஸ்கேன் முடிவு வந்த அன்று மதுரையில் மூளை அறுவை மருத்துவரின் அறையில் நான், செல்வின், அவன் மனைவி மெர்லின் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இடது காதுக்கு மேலே மூளையில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி. மருத்துவர் படத்தைக் காட்டிவிட்டு, “இதுக்கு முன்னாடி எப்பவாவது தலைக்கு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா? இருந்தா கம்பேர் பண்ணிப் பாக்கலாம்,” என்றார்.

“எடுத்திருக்கு சார். அக்காட்டதான் இருக்கு,” என்றான் செல்வின் என்னைப் பார்த்து.

“தேடிப் பாக்குறேன்,” என்றேன். தேட வேண்டியதே இல்லை. அது என் மடிக்கணினியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அந்த நொடியில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

சி.டி. படத்தை மாதிரியாக்கும்போது தலையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்தின் அடர்த்தியையும் பார்த்து இது காற்று, இது தசை, இது எலும்பு என்று நிரலே பெயர் வைத்துவிடும். தம்பியின் தலையில் அது இடப்பக்க மூளைக்குள் ஏழெட்டுக் கட்டங்களுக்கு ‘எலும்பு’ என்று பெயர் வைத்திருந்தது. மூளைக்கு நடுவில் எலும்பு எப்படி இருக்கும்? படத்தின் பிசிறு என்று முடிவு செய்து, ஒரே கட்டளையில் அவற்றை ‘மூளை’ என்று மாற்றினேன். எங்கள் தொழிலில் இது தினப்படி வேலை. பல்லில் அடைத்த உலோகம் தெறிக்கும் கோடுகளையும் இப்படித்தான் துடைப்போம். அடுத்த கட்டளைக்குப் போய்விட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் அறையைச் சாத்திக்கொண்டு மூலப் படத்தைத் திறந்தேன். வெள்ளைப் புள்ளிகள் அங்கேயே இருந்தன. புதிய ஸ்கேனில் கட்டியின் நடுப்பகுதி எந்த இடமோ, அதே இடம். சில கட்டிகள் மெதுவாக வளரும்போது தமக்குள் சுண்ணாம்பு படியவிடும். சி.டி. படத்தில் அது எலும்பு போல வெள்ளையாகத் தெரியும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதியவள் நான்.

அவனுடைய பழைய ஃபைலையும் மெர்லினிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில், எலும்பு முறிவு இல்லை, இரத்தக் கசிவு இல்லை. அதோடு எல்லாரும் நிம்மதியாகி வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: மூளையில் சிறு சுண்ணாம்புப் படிவு, பழைய தொற்றின் தழும்பாக இருக்கலாம், பின்னர் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளவும். அந்தப் பக்கத்தை எங்கள் வீட்டில் யாரும் திருப்பவே இல்லை.

அந்தப் படத்தை நான் உடனே மருத்துவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. “இன்னும் கிடைக்கல,” என்று மெர்லினிடம் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். பழியை நினைத்துப் பயந்தேன் என்பதுதான் உண்மை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இதற்கிடையில் அம்மாவுக்கு யாரோ என் ஆராய்ச்சியைப் பற்றி அரைகுறையாகச் சொல்லிவிட்டார்கள். அம்மா நாசரேத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், லேசில் எதையும் நம்பமாட்டாள். அன்று மட்டும் அடுப்படியில் என்னை மடக்கினாள்.

“ஏளா, நீ கம்ப்யூட்டர்ல அவன் மண்டைக்குள்ள கட்டி வரைஞ்சு வச்சியாமே?”

“கணக்குக்காக அம்மா. கற்பனையா ஒரு உருண்டை.”

“எந்தப் பக்கம் வச்ச?”

“வலப்பக்கம்.”

“அவனுக்கு எடப்பக்கம்லா வந்திருக்கு?”

“ஆமா.”

அம்மா பெருமூச்சு விட்டாள். “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அப்பம் ஒன்னால வந்ததில்ல,” என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். நான் வரைந்த கட்டி அவனை ஒன்றும் செய்யவில்லை. அவனுக்கு இருந்த கட்டியைத்தான் நான் அழித்திருந்தேன்.

ஒன்பது நாள் இப்படிப் போனது. அறுவைக்கு முந்தின நாள் மதுரை மருத்துவமனை வராந்தாவில் மெர்லினைப் பார்த்தேன். சுவரில் தலையைச் சாய்த்து, வாய் அசையாமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. திடீரென்று முளைத்து ஒரே ஆண்டில் ஆளை முடித்துவிடும் வகைதான் இது என்று வீட்டில் எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். அவள் சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மருத்துவர் அறைக்குள் போய்ப் படத்தைக் கொடுத்தேன்.

அவர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “நல்லவேளை கொண்டு வந்தீங்க. இது திடீர்னு வந்ததில்ல. வருஷக்கணக்கா மெதுவா வளந்து, இப்பதான் வேகமெடுத்திருக்கு. பயாப்ஸி வரட்டும், ஆனா நான் பயந்த வகையா இருக்காதுன்னு தோணுது,” என்றார். பிறகு, “இதை அப்ப யாரும் பாக்கலையா?” என்றார்.

“நான் பாத்தேன் டாக்டர்,” என்றேன். தம்பியின் பழைய படத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன் என்று சொல்வதாக நினைத்துத் தலையாட்டினார்.

நல்ல செய்தி ஒன்பது நாளாக என் பைக்குள் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் மெர்லின் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டியில் முக்கால் பங்கை எடுத்தார்கள். மீதி, பேச்சுக்கான இடத்தோடு ஒட்டிக்கிடந்தது. திசுப் பரிசோதனை, ஆலிகோடென்ட்ரோக்ளியோமா, மூன்றாம் தரம் என்றது (மூளையின் துணைச் செல்களில் வரும் கட்டி, மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் ஓரளவு பணியக்கூடியது). செல்வின் கண் விழித்தபோது ஆட்களையெல்லாம் அடையாளம் தெரிந்தது. பொருள்களின் பெயர்கள் மட்டும் போயிருந்தன. சாவியைக் காட்டினால், “அதான்… தொறக்கது,” என்பான். கிரேனுக்கும் அவனிடம் பெயர் இல்லை. கையை மேலே உயர்த்திக் காட்டினான்.

பேச்சு கொஞ்சம் திரும்பியதும் நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டான். “ஒன் மெஷின் எப்பம் ரெடியாவும்க்கா? எனக்கு அதுல வைக்க முடியாதா?”

“முடியாதுலே. தகடு இன்னும் தாக்குப்பிடிக்க மாட்டேங்குது. அது ஆளுக்கு வைக்க இன்னும் வருஷங்கள் ஆவும்.”

“என் மண்டைலதான ஓட்டிப் பாத்த?”

“பொம்மைத் தலைலதான் ஓட்டுனேன்.”

“என் தலைன்னு சொன்ன?”

தலையணையைச் சரிசெய்தேன். இதே நிலையில் இருக்கும் உங்களில் யாராவது, எங்கேயோ ஒரு புதிய கருவி வருகிறதாமே, அதுவரை பொறுக்கலாமா என்று யோசித்தால், அதைச் செய்கிறவளாகவே சொல்கிறேன்: பொறுக்காதீர்கள். இன்று கையில் இருக்கும் சிகிச்சையை இன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு வழக்கமான கதிர்வீச்சுதான். ஆறு வாரத்துக்கு மேல், வாரத்தில் ஐந்து நாள், திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டும். நான் நீண்ட விடுப்பு எடுத்து வந்து கார் ஓட்டினேன். தலை அசையாமலிருக்க அவன் முகத்தின் அச்சிலேயே ஒரு வலைக்கூடு செய்து, அதைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். வெளியே திரையில் அந்தக் கூட்டைப் பார்ப்பேன். ஆறு ஆண்டுகளாக நான் சுழற்றிச் சுழற்றிப் பார்த்த அதே நெற்றி, அதே தாடை. இப்போது அதற்கு மூச்சு இருந்தது.

நான்காவது வாரம் ஒருநாள் திரும்பும் வழியில், வல்லநாட்டில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அவன் பாதி டீ குடித்திருந்தான். அதற்கு மேல் நெஞ்சுக்குள் வைத்திருக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிகள், கட்டளை, ஒன்பது நாள், எல்லாம்.

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, “அப்பம் எங்கல்யாணத்துக்கு முந்தியே இருந்திச்சா?” என்றான்.

“இருந்திருக்கு.”

“பாப்பா பொறந்தப்பம்?”

“இருந்திருக்கு.”

“அந்த… மேல…” கையை உயர்த்தினான். “அதுல மொதமொத ஏறுனப்பம்?”

“அப்பமும்.”

“அப்படின்னா நான் ஒருநாளும் தனியா மேல ஏறல,” என்றான்.

அவன் முகத்தில் அப்போது இருந்த பயத்தை நான் வேறு எந்த நாளும் பார்த்ததில்லை. அறுவைக்குப் போகும்போதுகூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“தெரியாம அழிச்ச. சரி. அது தெரிஞ்சிருந்தா எனக்கு அந்த வேலையும் கெடச்சிருக்காது, மெர்லின் வீட்ல பொண்ணும் தந்திருக்க மாட்டாவ. அத நான் பேசல.” சொற்களைத் தேடித்தேடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். “தெரிஞ்ச பொறவு ஒம்போது நாளு எதுக்குக்கா மூடி வச்ச? அவ சாப்பிடாமக் கெடந்தாளே, நீ பாத்துட்டுதான இருந்த?”

இத்தனை நாளும் அழித்ததற்கான மன்னிப்பைத்தான் நான் ஒத்திகை பார்த்திருந்தேன். வண்டியை எடுத்தேன். தூத்துக்குடி வரும்வரை அவன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான்.

மறுநாள் காலையில் மெர்லினின் அண்ணன் காரோடு வந்து நின்றார். “மைனி, நீங்க கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க,” என்றாள் மெர்லின். அவளிடம் அவன் எவ்வளவு சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றும் என் தட்டில் அவளேதான் இட்லி வைத்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

கதிர்வீச்சின் கடைசி நாளன்று நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, செல்வின் தானாக வந்து என் காரில் முன்சீட்டில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். போகும்போதும் வரும்போதும் பேசியது துறைமுகத்தைப் பற்றி மட்டும்தான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு மாத்திரைக் கீமோ. முடி கொட்டியது, கொஞ்சம் திரும்பி வந்தது. பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. துறைமுகத்தில் கிரேன் ஏறாமல் கீழேயே உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அந்தச் சிப்பி நாற்றம் மட்டும் எப்போதாவது வருகிறது. வந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முடியும்வரை கண்ணை மூடியிருப்பான்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிய முதல் நாள், ஒன்றும் அறியாத ஒருவர், “தம்பி ரிசல்ட் வந்திருக்கு மேடம்,” என்றார். குழுத்தலைவரிடம் சொல்லி அந்த மாதிரியை நிறுத்தினோம். ஆனால் ஆரோக்கியமான மூளைக்கு இவ்வளவு கதிர்வீச்சு என்று நான் ஆறு ஆண்டுகளாக எழுதிய ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையிலும் நோய் இருந்தது. அதைத் திருத்தி எழுதும் வேலை இன்னும் முடியவில்லை.

என் உடம்பும் முன்போல இல்லை. தலை வாரும்போது சீப்புக்குக் கீழே எலும்பு, அதற்குக் கீழே என்ன என்று கை நிற்கிறது. பஸ்ஸில் முன்னால் இருப்பவரின் பின்னந்தலையைக் கட்டங்கட்டமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செல்வினின் கல்யாண ஆல்பத்தைத் திறக்க முடியவில்லை. எல்லாப் படத்திலும் அது இருக்கிறது, அவன் சிரிக்கிற இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே. நடந்து முடிந்த ஆண்டுகள்கூட மாறிப்போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வரப்போகும் நாட்கள் மூன்று மூன்று மாதங்களாகத்தான் வருகின்றன, ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரைக்கும்.

சிகிச்சைக்குப் பிறகு முதல் ஸ்கேன் எடுத்த அன்றே அவன் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டான். ஸ்கேன் குறுந்தட்டை மருத்துவரிடம் கொடுப்பதற்கு முன்னால் என் முன்னே வைப்பான். “நீ மொதல்ல பாரு. ஒண்ணையும் விடாம பாரு,” என்பான். அது தண்டனையா நம்பிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, என் கண்ணை நம்பக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. முதல் இரண்டு முறையும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது ஸ்கேன் போன வாரம். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து படம் படமாக நகர்த்தினேன். அவன் என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அறுவை செய்த குழியின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் ஒன்று, பச்சரிசி அளவுக்கு. முந்தின படத்தில் அது இல்லை. கதிர்வீச்சு விட்டுப்போன தழும்பாகவும் இருக்கலாம், மறுபடி முளைப்பதாகவும் இருக்கலாம், இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, மூன்று மாதம் பார்ப்போம் என்றுதான் மறுநாள் மருத்துவரும் சொன்னார்.

என் விரல் நின்றுவிட்டதை அவன் பார்த்துவிட்டான். “இருக்காக்கா?”

பிசிறுதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவ்வளவு சுலபமாக வந்தது.

“இருக்குலே,” என்றேன்.

அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். “எங்க? காட்டு.”

திரையில் தொட்டுக் காட்டினேன். அவன் தன் தலையில் தழும்பின்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தான். “இங்கனயா?”

“கொஞ்சம் பின்னால.”

விரலை நகர்த்தினான். “இங்கன?”

“ஆமா. அங்கதான்.”

மெர்லின் சோறு எடுத்து வைத்துக் கூப்பிடும்வரை அவன் அந்த விரலை எடுக்கவில்லை.